ரீடரா, போனா, காரா? மலிவு விலை ஓபிடி கருவி தகராறு செய்யும்போது

ஓபிடி ரீடர் என்பது காரின் சாக்கெட்டில் செருகி, காரின் கம்ப்யூட்டர் பதியும் பிழைக் குறியீடுகளைப் போன் செயலியில் காட்டும் சிறு கருவி. புளூடூத்திலோ வைஃபையிலோ இயங்கும் மலிவு விலை ஓபிடி ரீடர் வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களின் புகார்கள் சுற்றிச் சுற்றி ஒரே சில வகைகளுக்குள் அடங்கிவிடும். காரின் கம்ப்யூட்டரே போய்விட்டதோ என்ற பயத்தோடு வருவார்கள். பார்த்தால் போனில் ஓர் அனுமதி கொடுக்கப்படாமல் இருக்கும், இல்லையென்றால் சிகரெட் லைட்டரின் ஃபியூஸ் எரிந்திருக்கும். அதனால் நான் முதலில் ரீடரைச் சந்தேகிப்பேன், பிறகு போனை, பிறகு செயலியை. காரின் முறை கடைசியில்தான்.

கையில் ஒரு மல்டிமீட்டரும் டார்ச்சும் இருக்கட்டும். முடிந்தால், பக்கத்தில் யாருடைய காராவது ஒன்று. இந்த மூன்றாவதுதான் மிகப் பயனுள்ள கருவி. இரண்டாவது காரில் ரீடர் ஒழுங்காகப் பேசிவிட்டால் ரீடர், போன், செயலி மூன்றும் பெரும்பாலும் ஒரே நிமிடத்தில் விடுதலை.

குறியீடுகளைப் பற்றி ஒரு சிறு விளக்கம்: இங்கே 'பி' (ஆங்கில P) என்று தொடங்குபவை எல்லாம் இன்ஜின், கியர்பாக்ஸ் வரிசையைச் சேர்ந்தவை. 'யு' என்பவை காரின் கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான தகவல் தொடர்பைச் சேர்ந்தவை.

## அறிகுறி 1: செருகியும் ரீடரில் விளக்கு எரியவில்லை

ஓபிடி சாக்கெட்டின் 16ஆம் முனையில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்க வேண்டும். சாவி போடாவிட்டாலும் ரீடரின் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

முதலில் பார்க்க வேண்டியது: ரீடர் முழுதாக உள்ளே போயிருக்கிறதா? மலிவு ரீடர்களின் உடல் சற்றுத் தடித்தது. டேஷ்போர்டின் பிளாஸ்டிக் விளிம்பில் முட்டிக்கொண்டு, செருகியது போலத் தோன்றியபடி பாதியில் நிற்கும். அழுத்தித் தள்ளுங்கள், ஆனால் ஆட்டாதீர்கள்.

அடுத்து ஃபியூஸ்: பல கார்களில் ஓபிடி சாக்கெட்டுக்கும் சிகரெட் லைட்டருக்கும் ஒரே ஃபியூஸ். லைட்டர் சாக்கெட்டில் போன் சார்ஜ் ஏறவில்லையென்றால் விடை கிடைத்துவிட்டது. ஃபியூஸ் பெட்டி மூடியில் உள்ள படத்தைப் பார்த்து, அதே ஆம்பியர் ஃபியூஸைப் போடுங்கள். போட்டவுடன் அதுவும் எரிந்துவிட்டால் பெரிய ஃபியூஸைப் போட்டுப் பார்க்கும் எண்ணமே வேண்டாம். எங்கோ ஷார்ட் இருக்கிறது. பெரிய ஃபியூஸ் வயரைத்தான் எரிக்கும்.

பிறகு மல்டிமீட்டர்: சாக்கெட்டின் அகன்ற பக்கம் மேலே இருக்கும்படி நேருக்கு நேர் பார்த்தால், மேல் வரிசை இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழ் வரிசை 9 முதல் 16. சிவப்பு முனையை 16இலும் கறுப்பை 4இலும் வையுங்கள். 12 வோல்ட்டுக்கு மேல் வந்தால் சாக்கெட் நலம், ரீடர்தான் செத்தது. ஒன்றும் வரவில்லையென்றால், கறுப்பை காரின் உலோக உடலில் வைத்துப் பாருங்கள். இப்போது 12 வோல்ட் வருகிறதா? அப்படியானால் 4ஆம் முனையின் எர்த் வயர் அறுந்திருக்கிறது. 5ஆம் முனையும் எர்த்தான், அதையும் சோதியுங்கள்.

மல்டிமீட்டரின் தடித்த முனையைச் சாக்கெட்டின் துளைக்குள் திணிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் மெல்லிய பிடிகள் விரிந்துவிட்டால், அதற்குப் பிறகு எந்த ரீடரும் அங்கே சரியாகத் தொடாது.

ஃபியூஸ் நன்றாக இருந்தும் 16இல் மின்சாரம் இல்லை, அல்லது புது ஃபியூஸ் மறுபடி எரிகிறது என்றால், ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போக வேண்டிய இடம் இது. வயரைத் தேடி டேஷ்போர்டைப் பிரிப்பது விடுமுறை நாள் பொழுதுபோக்கு அல்ல.

## அறிகுறி 2: விளக்கு எரிகிறது, போனில் ரீடர் தெரியவில்லை

### ஆண்ட்ராய்டு, புளூடூத் ரீடர்

பழைய வகை புளூடூத் ரீடரை முதலில் போனின் புளூடூத் அமைப்புகளில் இணைக்க வேண்டும். ரகசிய எண் பெரும்பாலும் 1234, இல்லையென்றால் 0000, சில வேளை 6789. இணைத்த பிறகு, செயலியின் அமைப்புகளுக்குள் சென்று இந்த ரீடரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். டார்க் போன்ற செயலிகளில் இந்த இரண்டாம் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

ரீடரின் பெயரே பட்டியலில் வரவில்லையா? ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை, செயலி புளூடூத் கருவிகளைத் தேட இருப்பிட அனுமதி வேண்டும், இருப்பிடச் சேவையும் இயங்க வேண்டும். 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்ற தனி அனுமதி. நிறுவும்போது அவசரத்தில் 'வேண்டாம்' என்று அழுத்தியவர்கள் போனின் அமைப்புகளில் போய்த்தான் அதை மீட்க வேண்டும். செயலி பெரும்பாலும் மறுபடி கேட்காது.

### ஐபோன், புளூடூத் ரீடர்

இங்கே பெரும்பாலும் நல்ல செய்தி இல்லை. பழைய வகை புளூடூத்தில் பேசும் மலிவு ரீடர்களுடன் ஐபோன் செயலிகளால் பேச முடியாது. அமைப்பில் எதை மாற்றினாலும் நடக்காது. ஐபோனுக்கு வைஃபை ரீடர் வேண்டும், அல்லது புளூடூத் 4.0 எல்இ வகை ரீடர் வேண்டும். எல்இ வகையாக இருந்தால் போனின் புளூடூத் பட்டியலில் போய் இணைக்க முயலாதீர்கள், நேராகச் செயலிக்குள்ளிருந்தே இணைக்க வேண்டும். ஏற்கெனவே பட்டியலில் இணைத்துவிட்டிருந்தால் அங்கே அதை மறக்கச் செய்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

### வைஃபை ரீடர்

வைஃபை பட்டியலில் ரீடரின் பெயர் வரும், வழக்கமாகக் கடவுச்சொல் இருக்காது. இணைத்த உடனே போன் 'இதில் இணையம் இல்லை' என்று சொல்லிவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். இதுதான் வைஃபை ரீடர்களின் தலையாய தொல்லை. சோதிக்கும் நேரத்துக்கு மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள், விபிஎன் இருந்தால் அதையும். செயலியில் முகவரி 192.168.0.10 என்றும் போர்ட் 35000 என்றும் இருக்க வேண்டும். ஏறத்தாழ எல்லா மலிவு வைஃபை ரீடர்களும் இதையே பயன்படுத்துகின்றன. ஐஓஎஸ் 14 முதல் 'உள்ளூர் நெட்வொர்க்' அனுமதியும் வேண்டும்.

இவை அனைத்தும் சரி, வேறொரு போனிலும் ரீடர் தெரியவில்லை என்றால் ரீடரின் ரேடியோ போய்விட்டது. அதைப் பழுது பார்க்க யாரிடமும் போக வேண்டாம், வேறொன்று வாங்குவதே மலிவு.

## அறிகுறி 3: போனில் இணைந்தது, செயலி மட்டும் இணைய மறுக்கிறது

பின்னணியில் இன்னொரு ஓபிடி செயலி ரீடரைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் பேச முடியும். இரண்டு, மூன்று செயலிகளை நிறுவி மாற்றி மாற்றிச் சோதிப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். எல்லாவற்றையும் முழுமையாக மூடிவிட்டு, ரீடரைக் கழற்றிப் பத்து விநாடி வைத்திருந்து மறுபடி செருகி, ஒரே ஒரு செயலியைத் திறவுங்கள்.

அப்போதும் இல்லையென்றால், கட்டளைகளை நேரடியாக அனுப்பும் டெர்மினல் வசதி உள்ள செயலியில் 'ஏடிஐ' என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் அனுப்புங்கள். ரீடர் தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் சொல்ல வேண்டும். 'ஏடிஆர்வி' என்று அனுப்பினால் பேட்டரி வோல்ட்டேஜைச் சொல்ல வேண்டும். இரண்டும் வந்தால் போனும் ரீடரும் நன்றாகப் பேசுகின்றன, குறை செயலியின் அமைப்பில். வெறும் கேள்விக்குறி மட்டும் வந்தால், அந்தக் கட்டளையே ரீடருக்குத் தெரியவில்லை.

பதிப்பு எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். இந்த மலிவு ரீடர்கள் நகலெடுக்கும் எல்ம்327 என்பது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப். அதன் முதல் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு இல்லாததால் உலகமெங்கும் போலிகள் பெருகின. '1.5' என்று பெருமையாக அச்சிட்டு விற்கிறார்களே, எல்ம் அப்படி ஒரு பதிப்பை வெளியிடவே இல்லை. '2.1' என்று சொல்லிக்கொள்ளும் போலிகள் பலவற்றில் கட்டளைகள் குறைக்கப்பட்டிருக்கின்றன. சிறிய எண் போட்ட போலி சில வேளை பெரிய எண் போட்ட போலியைவிட நன்றாக உழைப்பது இதனால்தான்.

## அறிகுறி 4: செயலி இணைந்தது, கார் பதில் சொல்லவில்லை

திரையில் ஆங்கிலத்தில் 'அனேபிள் டு கனெக்ட்' என்றோ, 'பஸ் இனிட் எரர்' என்றோ, 'நோ டேட்டா' என்றோ வரும் நிலை இது. பதற்றம் தொடங்குவதும் இங்கேதான்.

இக்னிஷன். ரீடருக்குச் சாவி தேவையில்லை, காரின் கம்ப்யூட்டருக்குத் தேவை. சாவியை இரண்டாம் நிலைக்கு, டேஷ்போர்டு விளக்குகள் முழுவதும் எரியும் நிலைக்குத் திருப்புங்கள். பட்டன் ஸ்டார்ட் கார்களில் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்துவது வழக்கம். ஒரு முறை அழுத்தினால் ரேடியோ மட்டும் விழித்துக்கொள்ளும், இன்ஜின் கம்ப்யூட்டர் தூங்கும். ஹைபிரிட் கார்களை 'ரெடி' நிலைக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது.

காருக்கு அந்த மொழி தெரியுமா? ஓபிடி சாக்கெட் இருப்பதாலேயே ஓபிடி மொழி பேசும் என்று பொருளல்ல. அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்து இது கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001, டீசலுக்கு 2004. மற்ற நாடுகளில் இன்னும் பிந்தியது. பழைய காராக இருந்தால் பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு லேபிளைப் பாருங்கள். முழு மின்சாரக் கார்களில் பல, புகையே இல்லாததால், இந்தப் பொதுக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை. அவற்றுக்கு அந்தந்த மாடலுக்கான தனிச் செயலி வேண்டும்.

நெறிமுறை, அதாவது காரும் ரீடரும் பேசிக்கொள்ளும் முறை. டார்ச்சை எடுத்துச் சாக்கெட்டுக்குள் பாருங்கள். 6, 14 ஆகிய துளைகளில் உலோகம் தெரிந்தால் கார் 'கேன்' (கம்ப்யூட்டர்கள் இரண்டு வயர்களில் பேசிக்கொள்ளும் முறை) வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அவை காலியாக இருந்து 7இல் மட்டும் தெரிந்தால் பழைய 'கே லைன்'. 2இல் தெரிந்தால் பழைய அமெரிக்க வகை. அமெரிக்காவில் 2008 முதல் கேன் கட்டாயமானது, அதனால் அண்மைக் கால கார்களில் குழப்பம் குறைவு.

செயலியின் அமைப்பில் நெறிமுறையைத் 'தானியங்கி' என்று விட்டிருந்தால், மலிவு ரீடர் ஒவ்வொன்றாகத் தேடும்போது நேரம் தீர்ந்து கைவிட்டுவிடும். கேன் காராக இருந்தால் '15765, 11 பிட், 500' என்று கையால் தேர்ந்தெடுங்கள். டெர்மினலில் இதற்கான கட்டளை 'ஏடிஎஸ்பி6'. கே லைன் காராக இருந்தால் 9141, 14230 இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கே லைனுக்கான பாகங்களையே வைக்காமல் விற்கப்படும் போலிகளும் உண்டு. புது காரில் பேசி, பழைய காரில் மட்டும் மௌனம் சாதிக்கும் ரீடரை நான் இந்த வகையில்தான் சேர்ப்பேன்.

இரண்டாவது கார். இந்தப் படி வரை வந்தவர்கள் ரீடரை வேறொரு காரில் செருகிப் பார்க்காமல் மேலே போக வேண்டாம். அங்கும் மௌனம் என்றால் ரீடரைத் தூக்கிப் போடுங்கள். அங்கே பேசினால்தான் உங்கள் காரைச் சந்தேகிக்கும் உரிமை வருகிறது.

கேன் வயர். கார் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் பொறுத்து, சாக்கெட்டின் 6க்கும் 14க்கும் இடையே மின்தடையை அளவிடுங்கள். ஏறத்தாழ 60 ஓம் வர வேண்டும், இரு கோடியிலும் உள்ள 120 ஓம் தடைகள் இணையாக நிற்பதால். 120 வந்தால் ஒரு பக்கம் துண்டிக்கப்பட்டிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரு வயர்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு விதிவிலக்கு: சாக்கெட்டுக்கும் உள் வயரிங்குக்கும் இடையே கேட்வே பெட்டி உள்ள கார்களில் இந்த எண் வேறாக இருக்கலாம். அங்கே இதை வைத்து முடிவு கட்ட முடியாது.

60 ஓம் வரவில்லை, கேட்வேயும் இல்லை. அல்லது கார் ஸ்டார்ட் ஆகவும் மறுக்கிறது என்றால், ரீடரைப் பையில் போட்டுவிட்டு வயரிங் வரைபடம் வைத்திருக்கும் நிபுணரைக் கூப்பிடுங்கள். வயர்களைத் துளைத்துச் சோதிப்பது ஒரு பழுதை மூன்றாக்கும்.

## அறிகுறி 5: இணைப்பு நடுவில் அறுகிறது, எண்கள் தத்தித் தத்தி வருகின்றன

போனின் பேட்டரி சேமிப்பு வசதி செயலியைத் தூங்கவைக்கிறது என்பதே முதல் ஊகம். அந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். காரின் மியூசிக் சிஸ்டத்துடனும் போன் புளூடூத்தில் இணைந்திருந்தால் அதைத் துண்டித்துப் பாருங்கள். இன்ஜின் ஸ்டார்ட் செய்யும் அந்த நொடியில் மட்டும் அறுந்தால் அது ரீடரின் குறையல்ல, ஸ்டார்ட்டர் இழுக்கும்போது வோல்ட்டேஜ் விழுகிறது. அப்போது கேள்வி பேட்டரியைப் பற்றியது.

எண்கள் மெதுவாக வருகின்றன என்றால் திரையில் ஒரே நேரத்தில் எத்தனை மீட்டர்கள் வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். ரீடர் ஒவ்வொன்றையும் வரிசையில் கேட்கிறது. கே லைன் கார்களில் பத்து மீட்டர் வைத்தால் ஒவ்வொன்றும் எப்போதோ ஒரு முறைதான் புதுப்பிக்கப்படும். தேவையான மூன்றை மட்டும் வையுங்கள்.

## அறிகுறி 6: ரீடரைச் செருகியதும் டேஷ்போர்டில் புதுப்புது விளக்குகள்

உடனே கழற்றுங்கள். ஓடும் காரில் நடந்தால், ஓட்டுபவர் கையை நீட்டக் கூடாது, ஓரமாக நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். மோசமான போலி ரீடர், கேன் வயரில் மற்ற கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வதன் நடுவே குறுக்கிட்டுக் கத்தக்கூடும். இக்னிஷனை அணைத்து, சில நிமிடம் விட்டு மறுபடி போட்டால் விளக்குகள் பெரும்பாலும் போய்விடும். அந்த ரீடரை மறுபடி எந்தக் காரிலும் செருகாதீர்கள், நண்பருக்குக் கொடுக்கவும் கூடாது.

கழற்றிய பிறகும் ஸ்டீயரிங், பிரேக் அல்லது ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் காரை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

## அறிகுறி 7: செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, 'பிழை இல்லை' என்கிறது செயலி

இன்ஜின் ஓடாமல் இக்னிஷன் மட்டும் போட்டிருந்தால் அந்த விளக்கு எரியத்தான் செய்யும், அது பல்பு சோதனை. இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். அடுத்து, எரிவது அந்த விளக்குத்தானா? சர்வீஸ் நினைவூட்டல், ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளுக்கான குறியீடுகளைப் பொது ஓபிடி செயலி படிப்பதில்லை. அவற்றுக்கு உங்கள் கார் நிறுவனத்துக்கென எழுதப்பட்ட செயலியோ கருவியோ வேண்டும்.

இரண்டும் இல்லையென்றால் ரீடர் தவறவிடுகிறது. இதற்கு ஓர் அழகான காரணம் உண்டு. கேன் கார்களில் ஒரு செய்திக்குள் இரண்டு குறியீடுகள்தான் கொள்ளும். மூன்றாவதிலிருந்து கார் பதிலைத் துண்டுகளாக்கி அனுப்பும். அந்தத் துண்டுகளைச் சேர்க்கத் தெரியாத போலிகள் ஒன்றும் வராதது போல் நடந்துகொள்ளும். விளைவு: ஒரு பிழை இருந்தால் காட்டும், ஐந்து இருந்தால் 'கார் நலம்' என்று சொல்லும்! செயலியில் 'மானிட்டர் நிலை' பக்கத்தைத் திறந்து, கார் சொல்லும் பிழைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். எண்ணிக்கை இருந்து பட்டியல் காலி என்றால் வேறு ரீடர் தேடுங்கள்.

## அறிகுறி 8: குறியீடு கிடைத்துவிட்டது, எந்தப் பாகத்தை மாற்றுவது?

இங்கேதான் பணம் வீணாகிறது. குறியீடு எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை, கம்ப்யூட்டருக்கு எந்த அளவு பிடிக்கவில்லை என்று சொல்கிறது. ஆக்சிஜன் சென்சார் பற்றிய குறியீடு வந்தால், உண்மையைச் சொன்ன சென்சாரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். புதியதும் அதே உண்மையைச் சொல்லும்.

எதையும் தொடுமுன் குறியீடுகளையும், பிழை பதிவான நொடியின் வேகம், வெப்பம், ஆர்பிஎம் ஆகியவற்றைக் காட்டும் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' பக்கத்தையும் படம்பிடித்து வையுங்கள். அழித்துவிட்டால் அதுவும் அழிந்துவிடும்.

பி1 என்று தொடங்குபவை கார் நிறுவனத்தின் சொந்தக் குறியீடுகள். செயலியில் காரின் நிறுவனத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் அது காட்டும் விளக்கம் வேறு யாரோ ஒருவருடைய காருக்கானது.

### ஒரே நேரத்தில் கும்பலாகக் குறியீடுகள், நடுவே யு வரிசை

ஏழெட்டுப் பாகங்கள் ஒரே நாளில் கெடுவதில்லை. பேட்டரியைப் பாருங்கள். இரவு முழுவதும் நின்ற காரில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நிறைவு, 12.2க்குக் கீழே என்றால் பாதிகூட இல்லை. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வரை. ரீடர் காட்டும் வோல்ட்டேஜ் சற்றுப் பிசகும், மல்டிமீட்டரால் உறுதி செய்யுங்கள். முனைகளில் பூத்திருக்கும் உப்பைச் சுத்தம் செய்து, எர்த் வயரை இறுக்கி, பேட்டரியை முழுதாக ஏற்றிவிட்டுக் குறியீடுகளை அழியுங்கள். திரும்பி வருவதுதான் உண்மையான பிழை. யு0100 மட்டும் விடாமல் திரும்பினால் இன்ஜின் கம்ப்யூட்டருடன் தொடர்பு அறுகிறது. அது நிபுணர் வேலை.

### பி0300 முதல் பி0304 வரை: மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது)

விளக்கு மினுக் மினுக்கென்று சிமிட்டினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, நிறுத்தக்கூடிய இடத்தில் நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் குலைத்துவிடும். சிறிய செலவு மிகப் பெரிய செலவாகும் வழி அது.

விளக்கு நிலையாக எரிந்தால், பி0301 என்பது முதல் சிலிண்டர், பி0303 மூன்றாவது. இன்ஜின் ஆறியபின் முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயிலையும் மூன்றாவதன் காயிலையும் இடம் மாற்றி, அழித்துவிட்டு, ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0303 ஆக மாறினால் காயில் குற்றவாளி. மாறவில்லையென்றால் ஸ்பார்க் பிளக்கை அதேபோல் மாற்றுங்கள், பிறகு இன்ஜெக்டர். ஒரு ரூபாய்க்குக்கூடப் பாகம் வாங்காமல் செய்யும் இந்தச் சோதனைதான் ரீடர் வாங்கியதற்கான முழுப் பயன். மூன்றும் மாற்றியும் பிழை அதே சிலிண்டரில் நின்றால் கம்ப்ரெஷன் சோதனைக்குக் கொண்டுபோங்கள்.

### பி0171: கலவையில் பெட்ரோல் குறைவு

ஃப்யூயல் ட்ரிம் என்பது கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம். நேரலை எண்களில் குறுகிய கால, நீண்ட கால ட்ரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கழித்தல் 10க்கும் கூட்டல் 10க்கும் இடையே இருந்தால் கவலையில்லை. ஐடிலில் 20க்கு மேல் ஏறி, ஆர்பிஎம் 2500ஐத் தொட்டதும் இறங்கினால் எங்கோ காற்று உள்ளே கசிகிறது. ரப்பர் குழாய்களை வளைத்து வெடிப்புகளைத் தேடுங்கள். நேர்மாறாக, வேகம் கூடக் கூட ட்ரிம்மும் ஏறினால் காற்றளவு சென்சாரில் அழுக்கு, அல்லது எரிபொருள் அழுத்தம் குறைவு. சென்சாரை அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் மட்டும் சுத்தம் செய்யலாம், விரலால் தொடக் கூடாது. எரிபொருள் அழுத்தத்தை மெக்கானிக்தான் அளக்க வேண்டும்.

### பி0420: கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைவு

பட்டியலிலேயே விலை உயர்ந்த பாகம் இது. அவசரம் வேண்டாம். கூடவே மிஸ்ஃபயரோ பி0171ஓ இருந்தால் அவற்றை முதலில் தீருங்கள். பின் சென்சாருக்கு (கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார்) முன்னால் சைலன்சர் குழாயில் புகைக் கரி படிந்த கசிவு இருக்கிறதா பாருங்கள். சூடான இன்ஜினில் முன் சென்சாரின் வோல்ட்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஊஞ்சலாட, பின் சென்சார் ஏறத்தாழ அசையாமல் நிற்பது ஆரோக்கியம். முன் சென்சார் அகலப்பட்டை வகையாக இருந்தால் இந்த ஊசலாட்டத்தைப் பார்க்க முடியாது, பின்னதை மட்டும் கவனியுங்கள். பின் சென்சாரும் சேர்ந்து ஆடினால் கன்வெர்ட்டர் களைத்துவிட்டது. மாற்றுமுன் இன்னொரு மெக்கானிக்கின் கருத்தையும் கேளுங்கள்.

### பி0455: எரிபொருள் ஆவிக் கசிவு

டேங்க் மூடியைக் கழற்றி, ரப்பர் வளையத்தைத் துடைத்து, 'கிளிக்' சத்தம் வரும்வரை திருகுங்கள். விளக்கு உடனே அணையாது. கார் தொடர்ந்து மூன்று முறை சோதித்து நிறைவடைந்தால் தானாக அணையும்.

### எங்காவது கழித்தல் 40 டிகிரி

வெப்பநிலை சென்சார் ஒன்று கழித்தல் 40 காட்டினால் அதன் இணைப்புக் கழன்றிருக்கிறது. ரீடருக்குக் கிடைக்கும் மதிப்பு பூஜ்யமானால் அந்த எண்தான் வரும். சென்சார் வாங்குமுன் பிளக்கை அழுத்திப் பாருங்கள்.

## அறிகுறி 9: அழிக்க முடியவில்லை, அல்லது அழித்ததும் திரும்புகிறது

அழிக்கும்போது இன்ஜின் நின்றிருக்க வேண்டும், இக்னிஷன் போட்டிருக்க வேண்டும். ஓடும் இன்ஜினில் பல கார்கள் மறுத்துவிடும். ஃபியட் கிரைஸ்லர் குழுமம் 2018 மாடல்களிலிருந்து கொண்டுவந்தது போன்ற பாதுகாப்பு கேட்வே இருந்தால், மலிவு ரீடர் படிக்கும், அழிக்க அனுமதி கிடைக்காது. 'நிரந்தரம்' என்ற தலைப்பின் கீழ் வரும் குறியீடுகளை எந்தக் கருவியாலும் அழிக்க முடியாது. குறை தீர்ந்து, கார் தானே சோதித்துத் திருப்தியடைந்த பிறகுதான் போகும்.

சில நொடிகளில் திரும்பினால் பெரும்பாலும் மின்சுற்றுக் கோளாறு: கழன்ற பிளக், அறுந்த வயர், செத்த சென்சார். சில நாள் கழித்துத் திரும்பினால் மெதுவாக வளரும் குறை, ஃப்ரீஸ் ஃப்ரேம் இரண்டையும் ஒப்பிடுங்கள். அதே வேகம், அதே வெப்பத்தில் இரண்டு முறையும் பதிவாகியிருந்தால் அந்தப் படங்களோடு மெக்கானிக்கிடம் போங்கள், தேடும் கூலி பாதியாகக் குறையும்.

புகைச் சோதனைக்கு முந்தைய நாள் அழிப்பது பயன் தராத தந்திரம். அழித்ததும் காரின் சுயபரிசோதனைகள் அனைத்தும் 'முடியவில்லை' நிலைக்குப் போகும். சோதனை மையத்தின் கருவி அதைப் பார்க்கக்கூடியதென்றால் அங்கேயே தெரிந்துவிடும். ஏர்பேக் குறியீடாக இருந்தால் அழிப்பதையும் சேர்த்து எல்லாவற்றையும் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். மஞ்சள் நிற இணைப்புகளைத் தொடாதீர்கள்.

## அறிகுறி 10: சில வாரம் நிறுத்திய கார் ஸ்டார்ட் ஆகவில்லை

ரீடர் சாக்கெட்டிலேயே இருக்கிறதா பாருங்கள். சாவியை எடுத்த பிறகும் அதற்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. 50 மில்லிஆம்பியர் இழுக்கும் ரீடர் ஒரு நாளில் 1.2 ஆம்பியர் மணி நேரம் குடிக்கும். 45 ஆம்பியர் மணி நேர பேட்டரியில் பாதி மூன்று வாரத்துக்குள் காலி. ஏற்கெனவே வயதான பேட்டரிக்கு அவ்வளவுகூட வேண்டாம். கடவுச்சொல் இல்லாத வைஃபை ரீடராக இருந்தால், அருகில் நிற்கும் எவருடைய போனும் அதில் இணையலாம் என்பதும் கழற்றி வைக்க இன்னொரு காரணம்.

கழற்றி, பேட்டரியை முழுதாக ஏற்றிய பிறகும் இரண்டே நாளில் இறங்குகிறதா? காரைப் பூட்டி, கம்ப்யூட்டர்கள் தூங்க அரை மணி நேரம் விட்டு, நெகட்டிவ் வயரில் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து அளவிட வேண்டும். 50 மில்லிஆம்பியருக்கு மேல் நிலையாக நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது எண் விழுகிறது என்று பாருங்கள். எதைக் கழற்றியும் விழவில்லையென்றால் ஆல்டர்னேட்டரையும் ஸ்டார்ட்டர் வயரையும் சோதிக்க எலக்ட்ரீஷியன் வர வேண்டும்.